சம்பந்தி பார்த்த நாகசாகி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் வரியிலேயே பொய் சொன்னால் மிச்சக் கடிதத்தை யார் நம்புவார்கள்? நான் நலமாக இல்லை. நீங்கள் எல்லோரும் நாகசாகியைச் சுற்றிய நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பின் கிளினிக்கில் இருக்கும் மலையாளி டாக்டரிடம் போனேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சாப்பிட்டதில் ஒன்றுமில்லை டாக்டர், வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். அது சம்பந்தியின் மேல் இருக்கும் எரிச்சலுக்குக் கேட்கிற மாத்திரை இல்லை.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல், தம்மாம் தமிழர்கள் ஆண்டுதோறும் போடும் மலருக்குக் கொடுத்து ஊரறிய அச்சேற்றுகிறேனே என்று உனக்குக் கோபம் வரும். தனியாக அனுப்பினால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போடுவாய். நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் உன் பதில் அந்த ஒரு விரல்தான். மலரில் வந்தால் ஜுபைல் முதல் யான்பு வரை படிப்பார்கள். அவர்களில் நாலு பேராவது உனக்குப் போன் போட்டு, ஏம்ப்பா அப்பாவை இப்படிப் பண்ணிட்டே என்று கேட்பார்கள். அந்தத் தைரியம்தான்.

படிக்கிற மற்றவர்களுக்காகவும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ நாகசாகியில் கப்பல் கட்டும் இடத்தில் என்ஜினியர். உன் அம்மா பட்டுக்கோட்டையில். நான் இங்கே அரபு நாட்டில், ஜுபைலில் ஒரு பிளாண்டில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பதவி பெயரில்தான் பெரிது, குடும்பத்தைக் கூட்டி வர விசா தராத பதவி. போன வருஷம் உனக்குக் கல்யாணம் நடந்தது. அதில் மருமகளோடு கூடவே எனக்குக் கிடைத்த உறவு சம்பந்தி. திருச்சியில் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் என்னடாவென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு வணக்கம் போட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார். இப்படிப்பட்ட ஆளை எங்கே பிடித்துத் திட்டுவது?

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். ஏப்ரலில் நாகசாகி நன்றாக இருக்கும், லீவு போட்டுக்கொண்டு நீங்களும் அம்மாவும் வாருங்கள் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"எனக்கெதுக்குடா ஜப்பான்? டியூட்டி இருக்கு. அம்மாவ வேணா கூட்டிட்டுப் போ."

"சரிப்பா" என்றாய்.

தம்பி, அந்தச் சரிப்பாவை நான் இன்னும் செரிக்கவில்லை. நம் பக்கத்தில் ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தவர் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். நாம் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைப்போம். அவர் இரண்டாம் தடவை சோறு வாங்குவார். உன் கல்யாணத்துக்கே உன் பெரியப்பா வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் போய்க் கூப்பிட்டேன். கடைசியாகப் போனபோது வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டி, நெற்றியில் விபூதியோடு, செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அப்போதும் வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரத்தம்தானே எனக்கும். ஒரே ஒரு தடவை மறுத்தேன். நீ பாட்டுக்குச் சரிப்பா என்று போனை வைத்துவிட்டாய்.

நீ மறுபடி கூப்பிடுவாய் என்று நான் உறுதியாக நம்பினேன். என் ரூமில் இருக்கும் குகனிடம் சொல்லியும் வைத்தேன். குகனைத் தெரியுமல்லவா, யாழ்ப்பாணத்துக்காரன், ஸ்டோர்ஸில் வேலை. வீடியோ காலில் எப்போதும் எனக்குப் பின்னால் சட்டை இல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருப்பானே, அவன். துருவுவதை நிறுத்தாமலே சொன்னான்:

"போக ஆசையெண்டா போறன் எண்டு சொல்லுங்கோவன் அண்ணை. பிள்ளைக்கு என்னெண்டு விளங்கும்?"

உனக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது என்றேன். "எங்கட ஊரிலயும் உதே பழக்கம்தான். அதாலதான் சொல்லுறன்" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே போய் மேனேஜரிடம் ஏப்ரலில் லீவு கிடைக்குமா என்று விசாரித்தேன். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். டியூட்டி இருக்கிறது என்று உன்னிடம் சொன்ன மனிதனுக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வாரமே தம்மாமுக்குப் பஸ் பிடித்துப் போய் ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கினேன். கருநீலம். கடைக்காரன் யூரோப்பா பாய் என்று கேட்டான். ஜப்பான் என்றேன். இவ்வளவும் செய்துவிட்டு உன் போனுக்குக் காத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. உன் அம்மா பேசினாள்.

"ஏங்க, நீங்க வரலேன்னுட்டீங்களாம்ல? தம்பி சம்பந்தியக் கேட்டிருக்கான். எப்ப கெளம்பணும்னு கேட்டாராம்."

எப்ப கெளம்பணும்! ஒரு மறுப்பு இல்லை, ஒரு இழுப்பு இல்லை, சுகர் இருக்கிறது, முட்டி வலிக்கிறது என்று ஒரு பேச்சுக்காவது ஒன்றும் இல்லை. மின்வாரியத்தில் இருந்தவருக்கு மரியாதை தெரியும் என்று நினைத்திருந்தேன். குகன் தேங்காய்ச் சில்லை வாயில் போட்டுக்கொண்டு, அவர் கெட்டிக்காரர் அண்ணை என்றான். அன்று அவன் வைத்த தேங்காய்ப்பால் சொதியை நான் தொடவில்லை. பிறகு, யாரும் பார்க்காதபோது தொட்டேன்.

ஏப்ரல் வந்தது. போட்டோக்கள் வந்தன. காலையில் பிளாண்ட் பஸ்ஸில் உட்கார்ந்தால் உங்களுக்கு அங்கே மதியம். நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் போகும் இடமெல்லாம் போனேன். ஊருக்கு நடுவில் மணி அடித்துக்கொண்டு போகும் டிராம். இரண்டு வளைவுகளும் தண்ணீரில் விழுந்த நிழலும் சேர்ந்து மூக்குக்கண்ணாடி மாதிரி தெரியும் கல் பாலம். சீனர்கள் கட்டிய சிவப்பு வாசல் கோயில். மேட்டின் மேல் வெள்ளைக்காரர்கள் கட்டிய மாதா கோயில். டச்சுக்காரர் பேரில் கல் பாவிய ஒரு சரிவு. ஒரே ஊரில் இத்தனை பேர் வந்து இறங்கி, தங்கி, வியாபாரம் செய்து, எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன முட்டை கேக்கை உன் அம்மா ஒரு படத்தில் தின்கிறாள். இன்னொன்றில் சீனாக்காரத் தெருவில் கிண்ணம் நிறைய நூடுல்ஸ், கையில் குச்சி. தஞ்சாவூர் போனால்கூட ஓட்டலில் கை நனைக்க மாட்டேன் என்று கட்டுச்சோறு கட்டுகிறவள். புடவைக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. நான் ஒவ்வொரு லீவிலும் வாங்கிப்போன ஷூவெல்லாம் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பீரோவின் மேல் இருக்கிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சம்பந்தியின் வலது கை. எல்லாப் படத்திலும் அது உன் தோளில் இருக்கிறது. டிராமில் உன் தோளில். பாலத்தில் உன் தோளில். மாதா கோயில் படியில், படி ஏறுகிற சாக்கில், உன் தோளில். நான் என் போனில் நம் இருவர் படத்தையும் தேடிப் பார்த்தேன். எல்லாம் திருச்சி ஏர்போர்ட்டில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் நீ கொஞ்சம் உயரமாகியிருக்கிறாய்; ஒவ்வொன்றிலும் என் கையில் பெட்டி இருக்கிறது.

ஒரு நாள் மட்டும் பொறாமைப்படவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நாகசாகி என்றால் நம் மக்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தக் குண்டுதானே. அந்தக் குண்டுக்கென்று வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போன நாள் படம் எதுவும் வரவில்லை. மாலையில் உன் அம்மா கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மறுபடி சம்பந்தியின் கை வந்தது, எனக்கும் மறுபடி எரியத் தொடங்கியது.

சும்மா இருப்பேனா? நானும் துறைமுக நகரத்தில்தானே இருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஆமாம், ஏப்ரல் வெயிலில்தான், குகனை இழுத்துக்கொண்டு ஜுபைல் கடற்கரைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் சுற்றிப் பார்க்க என்று நான் போனது அதுதான் முதல் தடவை. மீன்பிடிப் படகுகளுக்கு முன்னால் நின்றேன். மீன் மார்க்கெட்டில் ஒரு பெரிய ஹமூரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலை கேட்காமல் மீனைத் தூக்கியதற்கு வங்காளி கடைக்காரன், கல்லி வல்லி பாய், விட்டுத்தள்ளு, கீழே வை என்று கத்தினான். அதற்குள் குகன் படம் எடுத்துவிட்டான். வேர்வை வழிய, சிரித்த முகத்தோடு, ஸ்டேட்டஸில் போட்டேன். வரலாற்றுத் துறைமுகத்தில் ஒரு நாள் என்று தலைப்பும் கொடுத்தேன். உன் அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன்னிடமிருந்து கட்டைவிரல். சம்பந்தியிடமிருந்து மட்டும் முழுப் பக்கம் வந்தது. ஜுபைல் ஒரு காலத்தில் முத்துக்குளிக்கும் ஊராம். மிகப் பழைய தேவாலயம் ஒன்றின் இடிபாடும் மணலுக்குள் இருக்கிறதாம். தாங்கள் கொடுத்து வைத்தவர், நேரில் காண்கிறீர்கள் என்று முடித்திருந்தார். நான் இருக்கும் ஊரையும் அவரே எனக்குச் சுற்றிக் காட்டிவிட்டார். குகன் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "அண்ணை, உந்த மனுசனை வெல்லேலாது. விடுங்கோ" என்றான்.

நான் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் டெஜிமாவிலிருந்து கூப்பிட்டீர்கள். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: டெஜிமா என்பது விசிறி வடிவத்தில் கடலில் மண் கொட்டிச் செய்த குட்டித் தீவு. வெளிநாட்டான் யாரும் உள்ளே வரக் கூடாது என்று ஜப்பான் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், டச்சு வியாபாரிகளை அந்தத் தீவில் மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ஊருக்குப் போக ஒரே பாலம். பாலத்தில் காவல். பாஸ் இல்லாமல் தாண்ட முடியாது. இப்போது சுற்றிலும் நிலமாகிவிட்டதாம். அந்தப் பழைய வீடுகளைத் திரும்பக் கட்டி, கட்டில், மேசை, தட்டு எல்லாம் வைத்திருக்கிறார்கள். உன் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். சம்பந்தி பக்கத்தில் நின்று பலகைகளை உரக்கப் படித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பொழுது போக ஏதோ பந்து விளையாடினார்களாம். கப்பல் எப்போது வரும் என்று மாசக்கணக்கில் கடலைப் பார்த்துக் கிடந்தார்களாம். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாதாம்.

"ஏங்க, இது ஒங்க கேம்ப்பு மாதிரியே இருக்குங்க" என்றாள் உன் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னாள். என் கேம்ப்பை அவள் பார்த்ததே இல்லை. போனில் தெரிகிற கட்டில், ஜன்னல், குகன், அவ்வளவுதான்.

சம்பந்தி, பாவம், எப்படித்தான் காலத்தை ஓட்டினார்களோ என்றார்.

அப்போது நீ போனில் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"எங்கப்பா ஓட்டுறாரே மாமா."

நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எதிரே குகன் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் முல்லைத்தீவில் கட்டிக்கொடுத்த ஒரு மகள் இருக்கிறாள். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டான். போடு என்றேன். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கும் தெம்புகூட அன்று இல்லை.

நீ ஏன் இரண்டாம் தடவை கேட்கவில்லை என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். பதில் என்னிடமே இருந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் டெலிபோன் கார்டு போட்டுப் பேசுவேன். பூத்துக்கு வெளியே வரிசை நிற்கும், யல்லா யல்லா, சீக்கிரம் என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். நீயோ இழுப்பாய். சைக்கிள் வேண்டுமா என்றால் ம்ம்ம் என்பாய், வேண்டாம் என்பாய், அம்மா முந்தானைக்குள் போய்விடுவாய். வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, கார்டு முடியப் போவுது என்று நான் கத்துவேன். உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையையே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கேட்க நேரம் இருந்ததில்லை. கெஞ்சுவதும் பிகு பண்ணுவதும் கையைப் பிடித்து இழுப்பதும் ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாய்க்கிற சௌகரியம். நீ அதைப் பார்த்தே வளரவில்லை. அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் பழக்கிய பிள்ளை நான் பழக்கியபடியே நடந்துகொண்டதற்கு நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மீனோடு நின்றேன்.

அதற்காக உன்னை முழுசாக விட்டுவிடப் போவதில்லை. அப்பன் என்று ஒருவன் எழுதினால் நாலு புத்தி சொல்லாமல் முடிக்கக் கூடாது. யாராவது வேண்டாம் என்றால் அவர் முகத்தைப் பார். முகம் தெரியாத இடத்தில் இருந்தால் இன்னொரு தடவை கேள். முக்கியமாக உன் பெண்டாட்டியிடம். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும் சரிம்மா என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாயானால், பிறகு என்னிடம் வந்து யோசனை கேட்காதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதை இழுத்து இழுத்துப் பேச விடு. ஒரு சைக்கிளுக்கு அரை மணி நேரம் பிகு பண்ணட்டும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. சம்பந்தியிடமிருந்தும் ஒன்று கற்றுக்கொள். இதை எழுத என் கை எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆசைப்பட்டதும் எப்ப கெளம்பணும் என்று கேட்க ஒரு மனசு வேண்டும். அது அவருக்கு இருக்கிறது. எனக்கு இந்த வயதில்தான் முளைக்கிறது.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வருஷா வருஷம் பட்டுக்கோட்டைக்குப் போகிற லீவுதான். அதில் பாதியை உன்னிடம் கழித்துவிட்டு அப்புறம் ஊருக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். போயிட்டு வாங்க, அந்தச் சரிவுல மட்டும் பாத்து நடங்க, வழுக்கும் என்று ஜப்பானில் பிறந்தவள் மாதிரி சொல்கிறாள். சம்பந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்ப கெளம்பணும் என்று கேட்பார். நான் உன் தோளில் கை போட்டுப் படம் எடுத்து அனுப்பியதும் தெரிந்துகொள்ளட்டும். அவர் பார்த்த இடமெல்லாம் எனக்கும் காட்டு. அவர் பார்க்காத இடம் ஏதாவது ஒன்று இருந்தால் அதை முதலில் காட்டு.

தம்மாம் டிராவல்ஸ்காரர் ஒன்று சொன்னார். விசாவுக்கு நீ அங்கிருந்து ஒரு அழைப்புத் தாள் அனுப்ப வேண்டுமாம். யாரைக் கூப்பிடுகிறாய், என்ன உறவு, எதற்காகக் கூப்பிடுகிறாய் என்று அதில் எழுத வேண்டுமாம். சம்பந்திக்கு ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதினாயாம், உன் அம்மா சொன்னாள். எனக்கு அப்படி எழுதாதே. நான் வேண்டுமென்றால் வேண்டுமென்று முதல் தடவையாகச் சொல்கிறேன், அதை அப்படியே எழுது. அப்பா வர வேண்டும் என்று அவரே கேட்டார் என்று எழுது.

உன்
அப்பா,
ஜுபைல்